போஸ் பாதத்தில் தொடங்குகிறது

"இயல்பா நில்லுங்க" என்று சொன்ன மறுநொடியே எதிரில் நிற்பவர் விறைத்துப்போகிறார். அந்தச் சொல்லில் அவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எந்தக் காலை எங்கே வைப்பது, கையை என்ன செய்வது, எங்கே பார்ப்பது என்று எதுவும் தெரியாததால் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்கிறார்: இரண்டு காலையும் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸையே பார்க்கிறார். அதற்கு மேல் நாம் "கொஞ்சம் சிரிங்க" என்கிறோம். பாதம் முதல் தோள் வரை இறுகிக் கிடக்கும் உடம்பின் மேல் சிரிப்பை மட்டும் தனியாகக் கொண்டுவந்து ஒட்ட முடியாது.

போஸைக் கீழிருந்து மேலே கட்ட வேண்டும். பாதம், இடுப்பு, தோள், கை, கழுத்து, முகம், எல்லாம் முடிந்தபின் கண்ணும் சிரிப்பும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முகத்தை அழகாகத் திருப்பி வைத்துவிட்டுப் பிறகு காலை நகர்த்தச் சொன்னால், காலோடு இடுப்பும், இடுப்போடு தோளும், தோளோடு முகமும் நகர்ந்துவிடும். முகத்தில் செய்த வேலை அத்தனையும் வீண். கீழே இருப்பது அசைந்தால் மேலே இருப்பது அசையும். மேலே இருப்பதை அசைத்தால் கீழே ஒன்றும் ஆகாது.

கூடவே இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும். போஸில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருகின்றன.

பாதமும் பாரமும்

கேமராவுக்கு நேர் எதிரே, இரண்டு பாதமும் இணையாக, பாரம் சமமாக நின்றால் உடம்பின் மிக அகலமான பக்கம்தான் படத்தில் விழும். தோள்கள் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் இருக்கும். அதிகாரமும் உறுதியும் தெரிய வேண்டிய படத்துக்கு இது பொருந்தும். மற்றபடி பாதங்களை 30 முதல் 45 டிகிரி வரை ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். தோளைத் திருப்பச் சொல்லாதீர்கள். பாதம் நேராக இருக்க, தோள் மட்டும் திரும்பினால் இடுப்பில் முறுக்கு விழுந்து சட்டையில் குறுக்கே சுருக்கம் ஓடும்; அந்த நிலையில் அரை நிமிஷம்கூட யாராலும் சௌகரியமாக நிற்க முடியாது.

அடுத்து பாரம். "உடம்பு பாரத்தைப் பின்னால இருக்கிற காலுக்குக் கொடுங்க, முன் காலைத் தளர விடுங்க." இந்த ஒரு வாக்கியம் செய்யும் வேலை பெரியது. பாரம் ஒரு காலுக்குப் போனதும் அந்தப் பக்க இடுப்பு சற்று மேலேறும். சமநிலைக்காக அதே பக்கத் தோள் தானாகத் தாழும். மற்ற காலின் முட்டி மடியும். நேர்கோடாக நின்ற உடம்பு வளைகோடாக மாறிவிடும். நம் சிற்ப மரபு இதற்கு வைத்திருக்கும் சொற்களே பாடம்: பாரம் சமமாக இருப்பது சமபங்கம், லேசான ஒடிவு அபங்கம், கழுத்து, இடை, முட்டி என மூன்று இடத்தில் ஒடிவது திரிபங்கம். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சிற்பிகளும் இதே பாரமாற்றத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கல்லும் உலோகமும் உயிரோடு நிற்பதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஏன் பின்கால்? பாரம் தாங்கும் பக்க இடுப்பு வெளியே தள்ளும். அது லென்ஸ் பக்கம் தள்ளினால் இடுப்பு பெரிதாகத் தெரியும். பின்பக்கம் தள்ளினால் அடங்கித் தெரியும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. முட்டியை மடக்கச் சொன்னால் முட்டியை மட்டும் மடக்குவார்கள். பாரம் இரண்டு காலிலும் அப்படியே இருக்கும், தோளில் மாற்றமே வராது. சோதிப்பது சுலபம். முன் குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். உடம்பு ஆடாமல் தூக்க முடிந்தால் பாரம் பின்னால் போய்விட்டது. ஆடினால் இன்னும் போகவில்லை.

பிறகு இடுப்பிலிருந்து கேமரா பக்கம் ஓர் ஐந்து சென்டிமீட்டர் சாயச் சொல்லலாம். முகம் லென்ஸை நெருங்கும், வயிறு பின்வாங்கும். கேமராவைக் கண்டதும் பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாகப் பின்பக்கம் சாய்கிறார்கள். கூச்சத்தில் வரும் அசைவு அது. அதனால் வயிறு முன்னால் வருகிறது, தாடைக்கு அடியில் மடிப்பு விழுகிறது. அவருக்கு இரட்டைத் தாடை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவர் பின்னால் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆணுக்கு இந்த நிற்கை, பெண்ணுக்கு இந்த நிற்கை என்று பழைய கையேடுகள் பட்டியல் போடும். அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வளைவு கூடினால் மென்மை தெரியும், கோணம் கூடினால் உறுதி தெரியும். எது வேண்டும் என்று நிற்பவரையே கேட்டுவிடலாம்.

உட்காரவைக்கும்போது கவனிக்க வேண்டியது இருக்கையின் உயரமும், அதில் எவ்வளவு தூரம் உள்ளே உட்காருகிறார் என்பதும். மெத்தென்ற சோபாவில் இடுப்பு புதைந்து, முட்டி இடுப்பைவிட மேலே வந்துவிட்டால் முதுகு கூன் போடும், வயிற்றில் துணி குவியும். கெட்டியான நாற்காலியில், முன் மூன்றில் ஒரு பங்கில் உட்காரச் சொல்லுங்கள். தொடை லென்ஸைப் பார்த்து நேராக நீண்டால் நீளம் தெரியாமல் குட்டையாகவும் தடிமனாகவும் விழும். முட்டிகளை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பினால் தொடையின் முழு நீளமும் கிடைக்கும். கோட் போட்டிருந்தால் அதன் பின்விளிம்பைக் கீழே இழுத்து அதன் மேலேயே உட்காரச் சொல்லுங்கள். தோளில் எழும்பும் புடைப்பு அடங்கிவிடும்.

கைகள்

போஸ் கொடுப்பதில் எல்லோருக்கும் சிரமம் தருவது கைதான். முகத்தில் தாடையிலிருந்து நெற்றியின் நடுப்பகுதி வரை உள்ள நீளம் ஏறக்குறைய ஒரு கையின் நீளம். அதாவது கை சின்ன உறுப்பு இல்லை. விரித்த உள்ளங்கையையோ புறங்கையையோ லென்ஸுக்கு நேராகக் காட்டினால் முகத்தோடு போட்டி போடும். சுண்டுவிரல் பக்க விளிம்பு தெரியும்படி மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினால் பாதி அகலம்தான் தெரியும். விரல்கள் ஒட்டி நேராக நின்றால் பலகைபோல் இருக்கும். இறுக்கி மூடினால் கோபம் தெரியும். ஒரு பறவைக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல் என்று சொல்லிப் பாருங்கள். விரல்கள் தேவையான அளவுக்குத் தாமே மடிந்துகொள்ளும்.

கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வேலையில்லாத கைதான் விறைக்கிறது. சட்டைக் கையை மடித்துவிடுவது, கடிகாரப் பட்டையைத் தொடுவது, நாற்காலி முதுகைப் பிடிப்பது என எதுவாகவும் இருக்கலாம். பைக்குள் கை விடுவதென்றால் கட்டைவிரலாவது வெளியே தெரிய வேண்டும், அல்லது கட்டைவிரல் மட்டும் உள்ளே போய் மற்ற விரல்கள் வெளியே இருக்க வேண்டும். மணிக்கட்டு வரை முழுக்க உள்ளே போனால் கை அங்கேயே வெட்டுப்பட்டதுபோல் தெரியும்.

மேல்கையை உடம்போடு ஒட்டவைத்தால் சதை நசுங்கிப் பக்கவாட்டில் பரவும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலக்கினால் போதும். அந்த இடைவெளியில் பின்னணி தெரியும், இடையின் கோடு தனியே பிரியும். முழங்கையை மடக்கும்போது அதன் முனை லென்ஸைக் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது. முன்கை மறைந்து, மேல்கை மொட்டையாக முடிந்ததுபோல் இருக்கும். கைகட்டி நிற்கும் போஸில் இரண்டு கையும் அக்குளுக்குள் மறைந்துவிடும். ஒரு கையின் விரல்களாவது மேல்கையின் மேல் லேசாகக் கிடக்கட்டும். கிடக்கட்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிடித்துக்கொள்வார்கள், துணியில் சுருக்கம் விழும்.

முகத்தருகே கை வரும் போஸ் அழகானது, கெடுவதும் சுலபம். கன்னத்தில் கை வைக்கச் சொன்னால் தலையின் முழுப் பாரத்தையும் கையில் போட்டுவிடுவார்கள். கன்னம் மேலே ஏறி, கண் ஒரு பக்கம் இடுங்கும். "தோலைத் தொடுங்க, அழுத்தாதீங்க, தலையைக் கழுத்தே தாங்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கழுத்திலிருந்து கண் வரை

தாடைக்கோடு தெளிவாகத் தெரிய, முகத்தைக் கேமரா பக்கம் முன்னால் கொண்டுவந்து பிறகு ஒரு விரற்கடை கீழே இறக்க வேண்டும். இதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "தாடையை முன்னால நீட்டுங்க" என்றால் பத்தில் எட்டுப் பேர் தாடையை மேலே தூக்குவார்கள், மூக்குத்துவாரம் தெரியும். "நெற்றியை என் பக்கம் கொண்டுவாங்க" என்றால் தலை முழுவதும் முன்னால் வரும், தாடை தானாக இறங்கும். செய்பவருக்கு ஆமை தலையை நீட்டுவதுபோல் விநோதமாகத்தான் இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். முன்னாலிருந்து பார்க்கும் லென்ஸுக்கு அது தெரியாது. எடுத்த படத்தை ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு தயங்க மாட்டார்.

முகத்தைத் திருப்பும்போது இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, மூக்கின் நுனி அந்தப் பக்கக் கன்னத்தின் வெளிக்கோட்டைத் தாண்டி நீட்டக் கூடாது. தாண்டினால் மூக்கு நீண்டு தெரியும். இரண்டு, தூரத்துக் கண்ணுக்கு அப்பால் கொஞ்சமாவது தோல் தெரிய வேண்டும். கண் விளிம்பில் முகம் முடிந்துவிட்டால் பாதிக் கண் காணாமல்போன உணர்வு வரும். இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், அல்லது ஒரேயடியாகப் பக்கவாட்டு முகமாகத் திருப்பிவிட வேண்டும். நடுவில் தொங்கினால் இரண்டுமில்லை. கழுத்தில் நரம்பும் மடிப்பும் தெரிந்தால் முகம் உடம்பைவிட அதிகமாகத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது முகத்தைத் தொடாதீர்கள், பாதத்துக்குத் திரும்பிப் போங்கள். முகம் பார்க்கும் திசைக்குப் பாதத்தைச் சற்று நகர்த்தினால் கழுத்து தளர்ந்துவிடும்.

கண், மூக்கு போகும் பக்கமே போகட்டும். முகம் ஒரு பக்கமும் விழி அதற்கும் அப்பாலும் போனால் வெள்ளைப்பகுதி அதிகமாகத் தெரியும், மிரட்சி வரும். வேறெங்காவது பார்க்கச் சொல்வதானால் "அந்தப் பக்கம் பாருங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஒரு கதவின் தாழ்ப்பாளையோ மரத்தின் ஒரு கிளையையோ காட்டுங்கள். அது சற்றுத் தூரத்தில் இருக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொருளைக் காட்டினால் இரண்டு விழியும் உள்நோக்கிக் குவிந்து மாறுகண்போல் தோன்றும்.

வாயைப் பற்றிப் பேசும்போது பல்லைப் பற்றியும் பேச வேண்டும். பதற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டால் காதுக்குக் கீழே தாடைத்தசை புடைக்கும். மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். உதடு மூடியே இருக்கலாம். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் ஒருமுறை ஆழ்ந்து மூச்சிழுத்து விடச் சொல்லி, மூச்சு வெளியேறும் நொடியில் எடுங்கள். இழுக்கும்போது தோள் ஏறும், விடும்போது இறங்கும்.

சிரிப்பு கடைசி. பிரெஞ்சு மருத்துவர் டூஷென் 1862ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் புகைப்படங்களாகப் பதிவுசெய்து காட்டிய விஷயம் இன்றும் நமக்கு வேலை செய்கிறது. உதட்டோரத்தை மேலிழுக்கும் தசையை நினைத்தபோது இயக்க முடியும்; கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சியில்தான் முழுமையாகச் சுருங்குகிறது. ஆகவே "சிரிங்க" என்ற கட்டளைக்கு உதடு மட்டும் கீழ்ப்படியும். அதுவும் சில நொடிகளில் காய்ந்துபோகும். ஒளி, ஃபோகஸ், கை, உடை எல்லாம் சரியான பிறகு, அவருக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்லிமுடித்து உதடு மூடும் அந்த இடம் பெரும்பாலும் நல்ல படம்.

கேமரா எங்கே நிற்கிறது

போஸ் சரியாக இருந்தும் படம் கெட்டுப்போவது தூரத்தாலும் உயரத்தாலும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு 50 சென்டிமீட்டரிலும் காது 62 சென்டிமீட்டரிலும் இருக்கும். காதோடு ஒப்பிட மூக்கு 24 சதவீதம் பெரிதாக விழும். இரண்டு மீட்டரில் நின்றால் அதே கணக்கு 6 சதவீதம்தான். முகத்தை மாற்றுவது லென்ஸின் குவியத்தூரம், அதாவது லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண், என்று பலர் நினைக்கிறார்கள். மாற்றுவது நிற்கும் தூரம். 85 மி.மீ. லென்ஸ் முகத்துக்கு நல்லது என்று சொல்வதன் பொருள், முகத்தால் ஃபிரேமை நிரப்ப அது நம்மைப் போதுமான தூரம் பின்னால் தள்ளுகிறது என்பதே. 35 மி.மீ. லென்ஸில் முகத்தை நெருங்கி எடுத்தால் எந்தப் போஸும் காப்பாற்றாது.

உயரத்துக்கு எளிய அளவு: முகம் மட்டும் என்றால் லென்ஸ் கண்மட்டத்தில் அல்லது ஒரு கையளவு மேலே, இடுப்பு வரை என்றால் மார்புமட்டத்தில், முழு உருவம் என்றால் இடுப்புமட்டத்தில். முழு உருவத்தைக் கண்மட்டத்திலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். பெரும்பாலோர் நின்றபடியே எல்லாவற்றையும் எடுப்பதால் இது தொடர்ந்து நடக்கிறது. முட்டி போடுங்கள்.

ஃபிரேமின் விளிம்பு மூட்டில் விழக் கூடாது. கணுக்கால், முட்டி, மணிக்கட்டு, முழங்கை எதிலும் வெட்டாதீர்கள். தொடையின் நடுவில், மேல்கையின் நடுவில் வெட்டினால் மிச்சம் ஃபிரேமுக்கு வெளியே தொடர்கிறது என்று கண் நம்பும். மூட்டில் வெட்டினால் அங்கேயே முடிந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஒளியோடு போஸைச் சேர்க்கும் வழி: உடம்பு ஒளியிலிருந்து விலகித் திரும்பட்டும், முகம் மட்டும் ஒளியை நோக்கி வரட்டும். அப்போது கேமராவுக்குத் தூரமான கன்னம் வெளிச்சமாகவும் அருகில் உள்ள கன்னம் நிழலிலும் இருக்கும். முகம் ஒடுங்கி, வடிவம் தெரியும். ஒடுங்கிய முகத்தை அகலமாகக் காட்ட வேண்டுமானால் இதைத் திருப்பிப் போடலாம். கண்ணைப் பாருங்கள்: விழியில் ஒளிப்புள்ளி கடிகாரத்தின் 10 மணி அல்லது 2 மணி இடத்தில் இருந்தால் ஒளி நல்ல உயரத்தில் இருக்கிறது. புள்ளியே இல்லையென்றால் ஒளி மிக மேலே இருக்கிறது, அல்லது தலை மிகக் குனிந்திருக்கிறது. கண்ணாடி அணிந்தவருக்கு லென்ஸில் ஒளி பிரதிபலித்தால், காதின் மேல் இருக்கும் தண்டை இம்மியளவு தூக்கிவிடுங்கள். கண்ணாடியின் முகம் கீழே சரிந்து பிரதிபலிப்பும் கீழே போய்விடும்.

இருவர், பலர்

இருவரை நிறுத்தும்போது தோளோடு தோள் ஒட்டி இருவரும் கேமராவைப் பார்த்தால் அணிவகுப்பு. பாதங்களை உள்நோக்கித் திருப்பி ஆங்கில வி எழுத்துபோல் நிறுத்துங்கள். கேமரா பக்கம் வி விரிந்திருக்கும். பாரம் பின்காலுக்குப் போனதும் இருவரும் ஒருவரையொருவர் நோக்கிச் சாய்வார்கள். தலைகள் நெருங்கும்போது நெற்றிப்பொட்டு ஒன்றையொன்று தேட வேண்டும். உச்சந்தலைகள் விலகிச் சாய்ந்தால் இருவருக்கும் மனஸ்தாபம் என்று படம் சொல்லும். உயரத்தில் அதிக வித்தியாசம் இருந்தால் உயரமானவர் காலை அகட்டி நிற்கட்டும், குனிய வேண்டாம். அணைத்த கையின் நாலு விரல் மட்டும் மறுதோளில் எட்டிப்பார்ப்பது மிகவும் உறுத்தும். முழுக் கையும் தெரியட்டும், இல்லையென்றால் முழுக்க மறையட்டும்.

குரூப் போட்டோவில் முதல் கேள்வி முகங்களின் மட்டம். ஒரே மட்டத்தில் பத்துத் தலை இருந்தால் கண் எங்கும் நிற்காமல் ஓடிவிடும். பக்கத்துப் பக்கத்துத் தலைகள் மேலும் கீழுமாக வந்து முக்கோணங்களாக அமைய வேண்டும். முதலில் நாற்காலி போட்டு முக்கியமானவர்களை நடுவில் உட்காரவையுங்கள். பின்வரிசையில் நிற்பவர் முன்வரிசையில் இருவரின் தோள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் முகம் வரும்படி நிற்க வேண்டும். "லென்ஸ் உங்களுக்குத் தெரியுதா? ரெண்டு கண்ணாலயும் தெரியணும்" என்று எல்லோரையும் கேளுங்கள். ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் அவர் முகம் பாதி மறைந்திருக்கிறது.

நேராக நிற்கும் ஒருவர் தோளகலம் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பிடிப்பார். பக்கவாட்டில் திரும்பி முன்னவரின் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் மறைந்தால் 35ல் அடங்குவார். முழுஃபிரேம் கேமராவில் (சென்சாரின் அகலம் 36 மி.மீ.) 50 மி.மீ. லென்ஸ், 5 மீட்டர் தூரம் என்றால் படத்தின் அகலம் 3.6 மீட்டர். இருபுறமும் 30 சென்டிமீட்டர் விட்டால் 3 மீட்டர் மிஞ்சும். ஒரு வரிசைக்கு எட்டுப் பேர். இடம் போதவில்லை என்று 24 மி.மீ.க்கு மாறினால் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாவார்கள். ஓரத்தில் நிற்பவருக்கு அது அநியாயம். அதற்குப் பதில் இன்னொரு வரிசை சேர்க்கலாம். வரிசையைக் கேமராவை நோக்கிப் பிறைபோல் வளைத்தால் எல்லோரும் தெளிவாக வருவார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஃபோகஸ் விழும் தளம் பெரும்பாலான லென்ஸ்களில் தட்டையானது. பிறையின் முனைகள் அந்தத் தளத்தைவிட்டு முன்னால் வந்துவிடும், ஆட்களும் பெரிதாகத் தெரிவார்கள். வரிசை நேராகவே இருக்கட்டும். ஓரத்து ஆட்கள் உடம்பை மட்டும் உள்நோக்கித் திருப்பினால் போதும்.

அப்பர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளை. எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும், தெளிவாக வரும் ஆழம் கூடும். குரூப்புக்கு எஃப் எண்ணைக் கூட்டிவைக்கத் தயங்க வேண்டாம். அதே 50 மி.மீ., 5 மீட்டரில் எஃப் 2 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 1.2 மீட்டர். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் என்றால் மூன்று வரிசை அதன் விளிம்பில்தான் நிற்கும். பெரிதாக அச்சடித்தால் பின்வரிசையின் கண்கள் மங்கியிருப்பது தெரியும். எஃப் 5.6ல் அதே ஆழம் 3.7 மீட்டருக்கு மேல். மூன்று வரிசை என்றால் நடுவரிசையில் உள்ள ஒருவரின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். ஷட்டர் 1/125 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். யாராவது ஒருவர் தலையை அசைத்துக்கொண்டேதான் இருப்பார். தனியாள் படத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை: 85 மி.மீ., எஃப் 1.8, 2 மீட்டர் என்றால் ஆழம் 6 சென்டிமீட்டர்தான். முகம் சற்றுத் திரும்பியிருந்தாலே ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். அருகில் உள்ள கண்ணுக்கு ஃபோகஸ் வையுங்கள், அல்லது எஃப் 4க்குப் போங்கள்.

கண் சிமிட்டலுக்கும் கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் எத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2006ல் அதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. இருபது பேருக்குள் என்றால் ஆட்களின் எண்ணிக்கையை நல்ல வெளிச்சத்தில் மூன்றாலும், வெளிச்சம் குறைவான இடத்தில் இரண்டாலும் வகுத்தால் எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கை வரும். 12 பேருக்கு 4, மங்கிய அறையில் 6. ஃப்ளாஷ் போட்டும் ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கண்மூடினால், ஒளியை அளக்க முன்கூட்டியே அடிக்கும் சிறு ஃப்ளாஷுக்கு அவர் சிமிட்டுகிறார் என்று அர்த்தம். ஃப்ளாஷை, ஒளியின் அளவை நாமே வைக்கும் மேனுவலுக்கு மாற்றினால் தீரும்.

பாதத்தில் தொடங்கி முகத்தில் முடியும் இந்தப் போஸ் வரிசை எதுவும் குழந்தைகளிடம் செல்லாது. அவர்கள் கண்மட்டத்துக்கு இறங்கி, செய்வதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். முதியவர்களை முதலில் உட்காரவையுங்கள், கடைசியாக எழுப்புங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரோடு குரூப் எடுத்தால் மற்றவர்களில் சிலரும் உட்காரட்டும், லென்ஸும் அந்த மட்டத்துக்கு வரட்டும். பிறந்த குழந்தை தன் இரு கைகளில் தாடையை ஊன்றிக்கொண்டு தலை நிமிர்த்தியிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரே படம் இல்லை. ஒரு படத்தில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார், மற்றொன்றில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். பிறகு இரண்டையும் இணைத்து உதவியாளரின் கைகளை அழித்திருப்பார்கள். பச்சைக்குழந்தையின் கழுத்து தலையைத் தாங்காது. அந்தப் போஸை ஒரு நொடிகூட நேராக முயலக் கூடாது.

சொல்லும் விதம்

இவ்வளவையும் எதிரில் நிற்பவரிடம் ஒப்பித்தால் அவர் ஓடிவிடுவார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல். இடது, வலது என்பதைத் தவிருங்கள். உங்கள் இடது அவருக்கு வலது, அந்தக் குழப்பத்தில் முகம் சுருங்கிப்போகும். "ஜன்னல் பக்கம்", "சுவர் பக்கம்" என்று சொல்லுங்கள். அதைவிட நல்லது, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் நீங்களே செய்து காட்டுவது. ஆடையையோ முடியையோ சரிசெய்ய வேண்டுமானால் "காலர் மடங்கியிருக்கு, நான் சரிபண்ணட்டுமா?" என்று கேட்டு, சரி என்ற பிறகே தொடுங்கள். "இப்படி இல்லை", "தப்பு" என்ற சொற்கள் ஒருமுறை வாயில் வந்தாலும் அடுத்த பத்துப் படங்களில் அவர் முகத்தில் அது தெரியும். மாற்றம் வேண்டுமானால் "நல்லா இருக்கு, இன்னொண்ணும் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அசையாமல் இருப்பது பழைய கட்டாயம். 1839ல் டாகெரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறை வந்தபோது ஒளி பதிய நிமிஷக்கணக்கில் ஆனது. 1840ல் கணிதவியலாளர் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த, அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸ் வந்து அந்த நேரத்தை வெகுவாகக் குறைத்தது, அப்படியும் தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வியை நிறுத்திவைத்தார்கள். அந்தக் காலப் படங்களின் இறுக்கம் பாதி அந்த இரும்பினுடையது. நம் ஷட்டர் 1/250 நொடியில் மூடுகிறது. போஸ் கட்டிமுடித்ததும் ஒருமுறை கலைத்துவிடுங்கள்: ஓரடி பின்னால் போய்த் திரும்ப வந்து அதே இடத்தில் நிற்கட்டும், அல்லது பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றிக்கொண்டே இருக்கட்டும். உடம்பு போஸை நினைவில் வைத்திருக்கும், விறைப்பு மட்டும் உதிர்ந்துவிடும்.

ஷட்டரை அழுத்தும் முன் கண்ணை ஃபிரேமின் விளிம்பைச் சுற்றி ஒருமுறை ஓட்டுங்கள். தலைக்குப் பின்னால் கம்பமோ கதவுச் சட்டமோ முளைத்திருக்கிறதா, கழுத்தை அறுப்பதுபோல் ஏதாவது கோடு ஓடுகிறதா, பையில் போன் புடைத்திருக்கிறதா, மணிக்கட்டில் ரப்பர்பேண்ட் இருக்கிறதா. குரூப் என்றால், ஆட்கள் கலையும் முன் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பின்வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்களின் கண்களைப் பாருங்கள். அங்கே தெளிவாக இருந்தால் எல்லோரையும் அனுப்பிவிடலாம்.